நான்கு பைட்டின் ஆயுள்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் தமக்கையின் மகன் புதிய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுடைய தங்கையின் விவாகத்தைப் படம் பிடித்தவர்கள், மாப்பிள்ளை அழைப்பு முதல் நலங்கு வரையில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தொகுத்துக் கொடுத்திருந்தார்கள். அதன் அளவு 6 ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம். பென் டிரைவின் கொள்ளளவு 32 ஜிகாபைட். அன்றுதான் கடையில் வாங்கியது. அதனுள் ஒரு துரும்பும் இல்லை. “மாமா, இடம் இத்தனை காலியா இருக்கு, ஆனா படத்தை ஏத்தினா, கோப்பு ரொம்பப் பெரிசுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுது. டிரைவ் கெட்டுப்போயிருக்குமோ?” என்று கேட்டான். டிரைவில் பழுது ஒன்றும் இல்லை. அவன் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னால், 160 கிலோபைட் மட்டுமே கொள்ளும் பிளாப்பித் தகடுகளுக்காக வகுக்கப்பட்ட ஒரு கணக்கு, அந்த விவாகப் படத்தின் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

இந்தச் சிறு சம்பவத்தை முன்னிட்டு ஒரு பெரிய விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். மனிதன் செய்யும் யந்திரங்களுக்கு இரண்டு விதமான எல்லைகள் உண்டு. பொருள் அருமையாக இருப்பதனால் வருவது ஒன்று. அந்த அருமைக்கு ஏற்றாற்போல் மனிதன் தானே வகுத்து எழுதிவைத்துக்கொள்ளும் அமைப்பினால் வருவது மற்றொன்று. முதலாவது, பொருள் மலிவானதும் தானே மறைந்துவிடும். இரண்டாவதோ, அதை எழுதியவர் ஓய்வுபெற்ற பிறகும், அது எந்த யந்திரத்துக்காக எழுதப்பட்டதோ அந்த யந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகும், பிடிவாதமாக ஜீவித்துக்கொண்டிருக்கும். சொந்தக் கணினிகளின் முதல் இருபது ஆண்டுச் சரித்திரம் இந்த உண்மைக்குப் பிரத்தியட்சமான சாட்சி. இன்று பல கோடி ஜனங்களின் பெயர்களையும் நிலங்களையும் உரிமைகளையும் கணினிக்குள் எழுதிவைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சரித்திரம் அவசியமான பாடம் என்பது என் அபிப்பிராயம்.

அக்காலத்தில் நினைவகம் எத்தனை அருமையான சரக்காக இருந்தது என்பதை ஒரு விலைக் கணக்கினால் அறிந்துகொள்ளலாம். 1977-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய இரண்டாவது கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 4 கிலோபைட் நினைவகம் உடையதற்கு 1,298 டாலரும், 48 கிலோபைட் உடையதற்கு 2,638 டாலரும் விலை வைத்தது. பிராசஸரும் விசைப்பலகையும் பெட்டியும் இரண்டுக்கும் ஒன்றே. கூடுதலாகக் கிடைத்தது 44 கிலோபைட் மட்டுமே. அந்த 44 கிலோபைட்டின் விலை, மீதிக் கணினி முழுவதன் விலையையும் விஞ்சி நின்றது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல் ஐம்பது அறுபது மடங்கு இடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது.

அவ்வளவு சிறிய இடத்திற்குள் அன்றைய நிபுணர்கள் செய்து காட்டிய காரியங்களை நினைக்குந்தோறும் எனக்கு மரியாதை மிகுகிறது. 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்க்ஸ்டனும் சிருஷ்டித்த விசிகால்க் என்னும் கணக்குத்தாள், வணிகர்களின் மேஜைமீது கணினிக்கு முதன்முதலாக ஒரு ஸ்தானத்தைத் தேடிக்கொடுத்தது. அது 32 கிலோபைட் நினைவகத்தில் ஓடியது. 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல், நிரல் எழுதும் பலகையையும் அதை யந்திர மொழியாக்கும் பகுதியையும் ஒன்றாகச் சேர்த்து 40 கிலோபைட்டுக்குள் அடக்கியிருந்தது. வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலியோ, தன் சொந்த உடலையே பகுதி பகுதியாக வெட்டித் தகட்டில் வைத்துக்கொண்டு, வேண்டிய பகுதியை வேண்டிய வேளையில் மட்டும் நினைவகத்துக்குள் அழைத்துவந்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வேறொரு பகுதியை உட்காரவைக்கும். எழுதப்படும் நூல் நினைவகத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நீண்ட கட்டுரையின் தலைப்பிலிருந்து முடிவுக்குப் போகும்படி கட்டளையிட்டால், தகட்டுப் பெட்டி ‘கர்ர் கர்ர்’ என்று அரைத்துக்கொண்டே பக்கங்களைத் தேடும் அந்த ஓசையை, அந்தக் காலத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை பொருளின் அருமையால் வந்த எல்லைகள். இவற்றால் சாமர்த்தியம் வளர்ந்ததே அன்றி நீடித்த தீங்கு ஒன்றும் விளையவில்லை. நினைவகம் மலிவானதும் அந்த நிரல்களை எழுதியவர்களும் கையைத் தாராளமாக வீசி எழுதலானார்கள். இனி மற்றோர் எல்லையின் கதைக்கு வருவோம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய சொந்தக் கணினியை உலகுக்கு அறிவித்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், போக்கா ராட்டன் என்னும் ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் மிகக் குறுகிய காலத்துக்குள் அதை உருவாக்கியிருந்தார்கள். 1,565 டாலர் விலையில் தொடங்கிய அந்தக் கணினியில் இருந்த நினைவகம் 16 கிலோபைட். அதற்குள் இருந்த இன்டெல் 8088 என்னும் பிராசஸருக்கு முகவரிக் கம்பிகள் 20. நினைவகத்தை ஒரு நீண்ட தெருவென்றும், ஒவ்வொரு பைட்டையும் அந்தத் தெருவிலுள்ள ஒரு வீடென்றும் பாவித்துக்கொண்டால், கதவிலக்கத்தை எழுதுவதற்கு எத்தனை கம்பிகள் உண்டோ அத்தனை கம்பிகளைப் பொறுத்தே தெருவின் நீளமும் அமையும். அதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளுக்கு 16 கம்பிகள்; ஆகவே 65,536 வீடுகள். 20 கம்பிகள் உடைய இதற்கோ 10,48,576 வீடுகள். அதாவது ஒரு மெகாபைட்.

இந்தப் பத்து லட்சத்துச் சொச்சம் வீடுகளையும் நிரல்களுக்கே விட்டுவிட முடியாது. திரையில் தோன்றும் எழுத்துகளை வைத்திருக்க ஓரிடம் வேண்டும்; கணினி விழித்தெழுந்தவுடன் முதலில் படிக்கவேண்டிய நிரந்தர நிரலுக்கு ஓரிடம் வேண்டும். 8088 பிராசஸர், மின்சாரம் பாய்ந்தவுடன் தெருவின் மேற்கோடியில், கடைசி வீட்டுக்குப் பதினைந்து வீடுகள் முன்னால் போய்த் தன் முதல் கட்டளையைத் தேடும்படி சமைக்கப்பட்டிருந்தது. ஆகையால் அந்த நிரந்தர நிரலை மேற்கோடியிலேயே வைக்க நேர்ந்தது. அதை அடுத்துத் திரைக்கும் மற்ற உபகரணங்களுக்கும் ஆக மொத்தம் 384 கிலோபைட்டை ஒதுக்கிவிட்டு, கீழேயிருந்த 640 கிலோபைட்டை இயங்குதளத்துக்கும் நிரல்களுக்கும் பட்டாப் போட்டுக் கொடுத்தார்கள். 16 கிலோபைட்டோடு விற்ற கணினிக்கு 640 கிலோபைட் என்பது நாற்பது மடங்கு. அந்த வேளையில் அதைக் கருமித்தனம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 640 கிலோபைட் எல்லாருக்கும் போதும் என்று மைக்ரோசாப்டின் பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் ஊரெங்கும் உலவுகிறது; தாம் அப்படிச் சொன்னதேயில்லை என்று அவர் மறுத்திருக்கிறார்; சொன்னதற்கு நம்பத்தக்க ஆதாரமும் இதுவரையில் கிடைத்ததில்லை. அவர்மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. அதைவிட முக்கியமாக, அது நம்மைத் தவறான பாடத்துக்கு இழுத்துச் செல்கிறது. ஒருவருடைய குறுகிய பார்வையால் வந்த விபத்து அல்ல இது.

பின் எதனால் வந்தது? குடியேற்றத்தினால் வந்தது. 1983-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் வந்தது. இயங்குதளத்தின் வழியாகத் திரையில் எழுதினால் தாமதமாகிறது என்று கண்ட அதன் ஆசிரியர்கள், திரைக்கென்று ஒதுக்கப்பட்ட நினைவக வீடுகளுக்குள் நேராகவே எழுத்துகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். வேகம் மிகுந்தது, வியாபாரம் பெருகியது, ஏனையோரும் அந்த வழியையே பின்பற்றினார்கள். அதன் பிறகு திரையின் இடத்தைப் பெயர்த்து வேறெங்கேனும் வைத்தால் உலகத்தில் பேர்பெற்ற நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் குருடாகிவிடும் என்ற நிலைமை உண்டாயிற்று. சௌகரியத்துக்காக வரைந்த கோடு, ஆயிரக்கணக்கானோர் அதன்மேல் சுவர் எழுப்பியதால், மாற்ற முடியாத எல்லைக்கல்லாக ஆகிவிட்டது.

அதற்குப் பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்தத் துறையின் மிகச் சிறந்த மூளைகள், அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதற்கான சந்துகளை வெட்டுவதிலேயே தம் காலத்தைச் செலவிட்டன. 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் என்ற மூன்று நிறுவனங்களும் கூடி, மேலேயுள்ள ஒதுக்கிடத்தில் 64 கிலோபைட் அளவுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து, வெளியே ஒரு தனி அட்டையிலிருந்த நினைவகத்தைத் துண்டு துண்டாக அந்த ஜன்னலின் வழியே காட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்தன. அதற்கு முன்னமேயே 1984-இல் ஐ.பி.எம். தன் அடுத்த கணினியில் 24 முகவரிக் கம்பிகள் உடைய 80286 பிராசஸரை வைத்திருந்தது. அதனால் 16 மெகாபைட் வரையில் எட்ட முடியும். ஆனால் பழைய பிராசஸரில் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சமாவது வீட்டைத் தாண்டினால் முகவரி சுழன்று மறுபடியும் தெருவின் தொடக்கத்துக்கே வந்துவிடும். அந்தச் சுழற்சியை நம்பி எழுதப்பட்ட சில நிரல்களும் இருந்தன. அவற்றைக் காப்பாற்றுவதற்காகப் புதிய கணினியின் இருபத்தோராவது முகவரிக் கம்பியில் ஒரு பூட்டுப் போடவேண்டியதாயிற்று. அந்தப் பூட்டைத் திறக்கவும் மூடவும் ஒரு கை வேண்டுமே என்று தேடியபோது, விசைப்பலகையைக் கவனித்துக்கொள்ளும் சிறு சில்லில் ஒரு முனை உபயோகமின்றிக் கிடந்தது. அதனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். கணினி தன் நினைவகத்தின் மேற்பகுதிக்குச் செல்ல விசைப்பலகைச் சில்லின் தயவை நாடி நின்றது என்பதைக் கதையாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆயினும் அது நடந்த விஷயம்.

இந்தச் சந்துகளின் வழியே சாதாரண மனிதர்களும் நடக்கவேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நான் வேலை கற்றுக்கொண்ட ஒரு கணினி நிலையத்தில், நான்கு மெகாபைட் நினைவகம் உள்ள யந்திரம் ஒன்று, நினைவகம் போதவில்லை என்று சொல்லி எங்களுடைய கணக்கு நிரலை ஏற்க மறுத்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர், ‘மெம்’ என்னும் கட்டளையைக் கொடுத்து, திரையில் வந்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்: டாஸ் என்னும் இயங்குதளம் இத்தனை, மவுஸ் நிரல் இத்தனை, அச்சு யந்திரத்துக்கானது இத்தனை, மிச்சம் இத்தனை. பிறகு, யந்திரம் விழித்தெழும்போது படிக்கும் கான்பிக் கோப்பைத் திறந்து, மவுஸ் நிரலை மேலே ஏற்றும்படி ஒரு வரியையும், டாஸையே மேலே கொண்டுபோகும்படி ஒரு வரியையும் எழுதி, யந்திரத்தை அணைத்துப் போட்டார். 560 கிலோபைட்டாக இருந்த மிச்சம் 610-ஐத் தாண்டியதும் நிரல் ஓடியது. நான்கு மெகாபைட் கையில் இருக்க, ஐம்பது கிலோபைட்டுக்காக அந்த மனிதர் அரைநாள் உழைத்தார். அவருடைய திறமையைக் கண்டு அன்று நான் வியந்தேன். அந்தத் திறமை எதற்குச் செலவாயிற்று என்று எண்ணி இன்று வருந்துகிறேன்.

நினைவகத்தின் கதையைக் காட்டிலும் கோப்புகளின் கதை இன்னும் நீளமானது. ஏனெனில் அது இன்றுவரை முடியவில்லை. ஒரு தகட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைக்கும் ஃபாட் என்னும் பதிவு முறை, 1977-இல் மைக்ரோசாப்டில் மார்க் மெக்டொனால்ட் என்பவரால் உருவாக்கப்பட்டது. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு டிம் பேட்டர்சன் என்பவர் சியாட்டில் நகரத்தில் ஓர் இயங்குதளத்தை எழுத, அதுவே மைக்ரோசாப்டின் கைக்கு வந்து டாஸ் என்ற பெயரோடு ஐ.பி.எம். கணினியில் ஏறிற்று. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி உண்டு. வரியின் நீளம் 32 பைட். அதை நெருங்கிப் பார்த்தால், ஒரு சிறு வீட்டைக் கட்டும் கொத்தனாரின் சிக்கனம் அதில் தெரியும். பெயருக்கு 8 பைட்; பெயரின் வால்பகுதிக்கு 3; குணங்களைக் குறிக்க 1; நேரத்துக்கு 2; தேதிக்கு 2; கோப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு 2; அதன் அளவுக்கு 4; மீதி 10 பைட் பிற்காலத்துக்கென்று வெற்றிடமாக விடப்பட்டது. நேரத்துக்குக் கிடைத்த இரண்டு பைட்டில் மணிக்கும் நிமிடத்துக்கும் போக மிஞ்சிய இடம் அறுபது வினாடிகளை எண்ணப் போதவில்லை. ஆகவே வினாடிகளை இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டார்கள். அந்த முறையில் தேதியிட்ட கோப்பு ஒற்றைப்படை வினாடியில் பிறந்ததாகப் பதிவாவதேயில்லை.

இந்த 32 பைட்டுக்குள்ளேயே நம்முடைய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயருக்கு எட்டே எழுத்து என்ற ஏற்பாட்டினால், பல ஆண்டுகள் உலகமெங்கும் எழுதியவர்கள் தம் நூல்களுக்கும் கடிதங்களுக்கும் மொட்டைப் பெயரிட்டு, மறுமாதம் எது எது என்று தெரியாமல் திகைத்தார்கள். 1995-இல் விண்டோஸ் நீண்ட பெயர்களை அனுமதித்தபோதும் அந்த எட்டெழுத்துக் கட்டத்தைத் தொட யாருக்கும் துணிவில்லை. பழைய நிரல்கள் கண்டும் காணாததுபோல் விட்டுவிடக்கூடிய விசித்திரமான குணக்குறியோடு பொய்யான வரிகளைப் பதிவேட்டில் நுழைத்து, வரிக்குப் பதின்மூன்று எழுத்தாக நீண்ட பெயரை அவற்றுக்குள் ஒளித்துவைத்தார்கள். அந்தப் பொய் வரிகளில் எழுத்துகளை யூனிகோட் முறையில் வைத்தபடியால், தமிழ்ப் பெயர்களும் அங்கே தங்குவதற்கு இடம் கிடைத்தது.

வெற்றிடமாக விட்ட அந்தப் பத்து பைட்டுகளோ, யாரோ முகம் தெரியாத பேரனுக்காகப் பாட்டன் நட்டுவைத்த தென்னையைப்போல் உதவின. கோப்பு பிறந்த தேதியும் நேரமும், கடைசியாகத் திறக்கப்பட்ட தேதியும் பின்னாளில் அங்கேதான் குடிவைக்கப்பட்டன. 1996-இல் ஃபாட் 32 என்ற புதுப்பதிப்பு வந்தபோது, தொடக்க இடத்தைக் குறிக்கும் எண்ணின் மேற்பாதிக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. அந்தப் பத்து பைட் இல்லாதிருந்தால் அந்த முறை இத்தனை காலம் நீடித்தே இருக்காது.

அப்படியானால் கோப்பின் அளவுக்கு ஒதுக்கிய நான்கு பைட்? அதற்குள் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. ஒரே ஒரு கோப்பு அந்த அளவை எட்டவேண்டுமானால், 1981-ஆம் ஆண்டின் பிளாப்பித் தகடுகள் 26,000-க்கு மேல் வேண்டும். மூன்று பைட் கொடுத்திருந்தாலும் அன்றைய தகட்டைப்போல் நூறு மடங்குக்கு இடம் இருந்திருக்கும். அவர்கள் நான்கு கொடுத்தார்கள். இதைக் குறுகிய பார்வை என்று எவரால் சொல்ல முடியும்? தாராள மனத்தோடு செய்த காரியம் அது. ஆயினும் அந்த நான்கு பைட்டே இன்று என் மருமகனின் பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எந்தக் கோப்பையும் உள்ளே விடாமல் நிற்கிறது. வெற்றிடமெல்லாம் நிறைந்துபோன அந்த வரியில் ஐந்தாவது பைட்டுக்கு இனி இடமும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, தகட்டின் மொத்தப் பகுதிகளை எண்ணுவதற்கு அவர்கள் கொடுத்தது இரண்டே பைட். பகுதி ஒன்றுக்கு 512 பைட் வீதம் 65,536 பகுதிகள் என்றால் 32 மெகாபைட். 1983-இல் வந்த ஐ.பி.எம். கணினியின் ஹார்டு டிஸ்க் 10 மெகாபைட்டாக இருந்தவரையில் யாருக்கும் அது உறைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் 40 மெகாபைட் டிஸ்க் சாதாரணமானபோது, ஒரே டிஸ்க்கை இரண்டாக வெட்டி இரண்டு பெயர் சூட்டிக்கொள்ளவேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. 1988-இல் வந்த டாஸின் நான்காம் பதிப்பு அந்தத் தளையைத் தளர்த்தி 2 ஜிகாபைட் வரையில் அனுமதித்தது. ஆனால் அத்தனை பெரிய டிஸ்க்கில் ஒரு கோப்புக்குக் கொடுக்கக்கூடிய ஆகச் சிறிய இடமே 32 கிலோபைட் ஆகிவிட்டபடியால், நாலு வரிக் கடிதமும் ஒரு மாளிகையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

இந்த வியாதி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியது அன்று. 1984-இல் 128 கிலோபைட்டோடு வந்த ஆப்பிள் மெக்கின்டாஷின் பிராசஸர், முகவரியை 32 பிட்டாக எழுதி, அதில் 24 பிட்டை மட்டும் கவனித்தது. நினைவகம் அரிதாயிருந்த அந்தக் காலத்தில் சும்மா கிடக்கும் எட்டு பிட்டை வீணாக்குவானேன் என்று இயங்குதளத்தை எழுதியவர்கள் அதில் சில்லறைக் குறிப்புகளைச் செருகிவைத்தார்கள். சில ஆண்டுகளில் 32 பிட்டையும் கவனிக்கும் பிராசஸர் வந்தது. செருகிய குறிப்புகளை அது முகவரி என்றே படித்தது. அதனால் எட்டு மெகாபைட்டுக்கு மேல் ஏற முடியாமல் பல கணினிகள் தவித்தன; 1991-இல் வந்த ஏழாம் பதிப்பு இயங்குதளத்திற்குப் பிறகுதான் பரிகாரம் பிறந்தது.

தமிழும் இந்தச் சிக்கனத்தின் பலனை அனுபவித்த மொழியே. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற ஏற்பாட்டில் மொத்தம் 256 இடங்கள். அவற்றில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விட, மிஞ்சிய 128 இடத்துக்குள் தமிழின் உயிர்மெய் வடிவங்களை அடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் அடைத்தார்கள். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு ஒரு பொது வரிசையை வகுக்க முயன்றதும், பிறகு யூனிகோட் நிலைபெற்றதும் நாம் அறிந்தவை. அதற்கு முன்னால் உழைத்துத் தட்டெழுதப்பட்ட எத்தனையோ தமிழ்க் கோப்புகளை, அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இன்றும் அர்த்தமற்ற குறிகளே கண்ணில் படுகின்றன.

எல்லை வகுப்பவர் அதன் ஆயுளை அறிவதில்லை என்பதற்கு இன்னும் ஓர் உதாரணம் போதும். மைக்ரோசாப்டில் பணிபுரிந்த டேவ் பிளம்மர் என்பவர், 1994-இன் பிற்பகுதியில் ஒரு நாள் காலையில், தகடுகளைப் பார்மட் செய்வதற்கான விண்டோஸ் பெட்டியைத் தற்காலிகமாக எழுதிவைத்ததையும், அதில் ஃபாட் முறைக்கு 32 ஜிகாபைட் என்ற உச்சவரம்பைத் தாமே அன்று தீர்மானித்ததையும் அண்மையில் மனந்திறந்து சொல்லியிருக்கிறார். பிற்பாடு அழகாகத் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணிச் செய்த அந்தப் பெட்டி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது. தற்காலிகம் என்ற சொல்லைக் கணினி அறியாது.

என் மருமகனின் பென் டிரைவுக்குத் திரும்புவோம். கோப்பின் அளவுக்கு நான்குக்குப் பதிலாக எட்டு பைட் ஒதுக்கும் எக்ஸ்ஃபாட் முறை 2006-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்த முறையில் டிரைவை மறுபடியும் பார்மட் செய்து, படத்தை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவன் திரும்பி வந்தான். வீட்டிலிருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்தப் புதிய முறை தெரியவில்லை. டிரைவைச் சொருகினால் வெற்றுத்திரைதான் வந்தது. முடிவில் பழைய ஃபாட் 32 முறைக்கே திரும்பி, விவாகத்தை இரண்டு கோப்பாக வெட்டி, தாலி கட்டும் வரையில் ஒன்று, அதற்குமேல் ஒன்று என்று ஏற்றிக் கொடுத்தேன். எல்லா யந்திரங்களும் புரிந்துகொள்ளும் பொது மொழியாகப் பழைய முறை ஆகிவிட்டது. ஆகவேதான் அது சாகாமல் இருக்கிறது. பழையதை விடமுடியாதபடி நம்மைக் கட்டிப்போடுவது அதைச் சார்ந்து நிற்கும் ஆயிரமாயிரம் உபகரணங்களின் பரஸ்பர நம்பிக்கை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? தாராளமாக இடம் விடு என்பது மாத்திரமா? அது போதாது என்பதற்கு அந்த நான்கு பைட்டே சாட்சி. எவ்வளவு தாராளமாக விட்டாலும் ஒருநாள் போதாமல் போகும். வகுக்கும்போதே, இது ஒருநாள் மாற்றப்படும் என்ற சங்கற்பத்தோடு வகுக்கவேண்டும். மாற்றும் வழியையும் கூடவே எழுதிவைக்கவேண்டும். இந்த எண்ணை ஏன் தேர்ந்தோம் என்ற காரணத்தையும் பின்வருவோருக்குத் தெரியும்படி பதிந்துவைக்கவேண்டும். பத்து பைட்டை வெறுமையாக விட்டவர்கள் இந்த மூன்றில் ஒன்றைப் பாதியளவு செய்தார்கள். அதன் புண்ணியத்தில் நாற்பது ஆண்டுகள் உலகம் நடந்தது.

இன்று நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. எனினும் கட்டங்களின் பஞ்சம் தீர்ந்தபாடில்லை. என் நண்பர் ஒருவரின் பெயர், ஓர் அலுவலகத்தின் விண்ணப்பத்தில் இருந்த கட்டங்களுக்குள் முழுவதும் அடங்காமல், ஈற்று எழுத்துகள் வெட்டுண்டு பதிவாயிற்று. அந்தக் குறைப்பெயர் ஒரு சான்றிதழில் ஏறி, அங்கிருந்து வங்கிக் கணக்குக்குச் சென்று, இப்போது அவருடைய முழுப்பெயர்தான் தவறு என்று நிரூபிக்கும்படி அவரிடமே கேட்கப்படுகிறது. பெயருக்கு எத்தனை இடம் என்று ஏதோ ஒரு காலைப்பொழுதில் யாரோ ஒருவர் தீர்மானித்திருப்பார்; அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்; தாம் எழுதும் எண் ஒரு மனிதனின் பெயரை அறுக்கும் கத்தியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவும் மாட்டார்கள்.

ஆகையால், நம்முடைய கல்லூரிகளில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: புதிய மொழிகளையும் புதிய கருவிகளையும் போதிக்கும் வேகத்தில், இந்த 32 பைட் வரியின் கதைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரசாங்கத்துக்கும் வங்கிகளுக்கும் பதிவேடுகளை வடிவமைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் ஒரு கட்டத்துக்கு எண்ணை எழுதும்போது, அது உங்கள் கணினிக்குள் மட்டும் இருக்கும் எண் என்று எண்ணாதீர்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தம் நீண்ட பெயரோடும் பெரிய கோப்போடும் அந்தக் கட்டத்தின் வாசலில் வந்து நிற்பார். அவருக்காக இப்போதே கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். அந்த எல்லையை ஏன் வகுத்தீர்கள், எப்படி மாற்றலாம் என்று இரண்டு வரி எழுதியும் வையுங்கள்.